பன்றியின் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கலாமா?

வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்கிறேன். தம்பி சிறுநீரகம் தர முன்வருகிறான். அவனைச் சிரமப்படுத்தாமல் பன்றியின் சிறுநீரகம் வரும்வரை காத்திருக்கலாமா? (செந்தூல் வாசகர்)

காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் 2025 ஜனவரியில் டிம் ஆண்ட்ரூஸ் என்ற நோயாளிக்குப் பொருத்தப்பட்ட பன்றிச் சிறுநீரகம் 271 நாள் இயங்கியபின் செயல் குன்றியதால் அகற்றப்பட்டது. அவர் மீண்டும் டயாலிசிஸுக்குப் போனார். பொருத்தமான உறவினரின் சிறுநீரகமோ பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் உழைக்கக்கூடும். தம்பிக்கு உரிய பரிசோதனைகளை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். அவர் உடல்நிலை தகுதியில்லை என்றால் மருத்துவர்களே மறுத்துவிடுவார்கள்.

பன்றிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய நிப்பா வைரஸ் காலத்தை நேரில் கண்டவர்கள் நாங்கள். பன்றியின் உறுப்போடு நோயும் வராதா? (பட்டர்வொர்த் வாசகி)

நியாயமான அச்சம்தான். 1998-99இல் நம் மலேசியாவில் நிப்பாவால் 105 பேர் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. உறுப்புக்காக வளர்க்கப்படும் பன்றிகள் சாதாரணப் பண்ணையில் வளர்வதில்லை. வடிகட்டிய காற்றுள்ள மூடிய கட்டடங்களில் அடிக்கடி பரிசோதிக்கப்பட்டு வளர்கின்றன. அப்படியிருந்தும், 2022இல் மேரிலாந்தில் பன்றி இதயம் பெற்று இரண்டு மாதத்தில் இறந்த டேவிட் பென்னட்டின் உடலில், பரிசோதனைக்குத் தப்பிய பன்றி வைரஸ் ஒன்று கண்டறியப்பட்டது. இதைவிடச் சிக்கலானது, பன்றியின் மரபணுவிலேயே பதிந்திருக்கும் வைரஸ். எவ்வளவு தூய்மையாக வளர்த்தாலும் அது போகாது. அதனால்தான் 2024இல் பாஸ்டனில் பயன்படுத்தப்பட்ட சிறுநீரகத்தில் செய்த 69 மரபணுத் திருத்தங்களில் 59 அந்த வைரஸை முடக்குவதற்கே செலவாயின. மனிதரிடம் அது நோய் உண்டாக்கியதாக இதுவரை உறுதியாகவில்லை. எனினும் உறுப்பு பெற்றவர்களை வாழ்நாள் முழுவதும் கண்காணிப்பது அவசியம் என்பதே என் கருத்து.

பன்றியின் உறுப்பு வைத்தால் குணம் மாறுமா? (ஜெலுத்தோங் வாசகர்)

மாறாது.

அம்மா சுத்த சைவம். இதய வால்வு மாற்ற வேண்டும். மாட்டுத் திசு வால்வு என்கிறார்கள். என்ன செய்வது? (பிரிக்பீல்ட்ஸ் வாசகர்)

திசு வால்வு மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படுகிறது. இரசாயனத்தில் பதப்படுத்தி உயிரணுக்களைச் செயலிழக்கச் செய்வதால், உறுப்பு மாற்றத்துக்குத் தேவையான எதிர்ப்பாற்றல் தடுப்பு மருந்துகள் இதற்கு வேண்டாம். பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும். விலங்குத் திசு இல்லாத கார்பன் வால்வு அதைவிட நீடிக்கும். ஆனால் ஆயுள் முழுக்க, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரையும் அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் தேவை. முதியவர் தவறி விழுந்தால் ரத்தக்கசிவு பெரிதாகும் என்பதால், வயதானவர்களுக்கு மருத்துவர்கள் திசு வால்வையே பெரும்பாலும் விரும்புவார்கள். முடிவு அம்மாவுடையது, சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே கேளுங்கள். அறுவையின்போது ரத்தம் உறையாதிருக்கச் செலுத்தும் ஹெப்பரினும் பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவதே. அதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.