கோழிக்கும் டைனோசருக்கும் என்ன உறவு? புதைபடிவங்கள் சொல்வது

புதைபடிவம் என்றால் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன உயிரின் எச்சம். பறவைகள் டைனோசரிலிருந்து வந்தவை என்பதற்கான ஆதாரத்தை சேலத்துக் கறிக்கடையிலேயே தொடங்கலாம். கோழி நெஞ்சுக்கு மேலே கவட்டை மாதிரி ஒரு எலும்பு இருக்கும். டி.ரெக்ஸ் என்ற பெரிய ஊனுண்ணி டைனோசருக்கும் அது இருந்தது, ஒரே வம்சம் என்பதால்.

ஜெர்மனியில் கிடைத்து 1861-இல் பெயரிடப்பட்ட ஆர்க்கியோப்டெரிக்ஸ் என்ற புதைபடிவம் சுமார் 15 கோடி ஆண்டு பழையது. பறவை இறகு, ஆனால் டைனோசர் போல வாயில் பல், கையில் நகம், நீள எலும்பு வால். பழைய ஓட்டு வீட்டை இடிக்காமலே மேலே மாடி எடுத்த மாதிரி. அப்புறம் 1996-இல் சீனாவில் சைனோசாரோப்டெரிக்ஸ்: பறக்காத டைனோசர், உடம்பில் பூனைமயிர் போல இழைகள், இறகின் ஆரம்ப வடிவம்! எனக்கு இதுதான் பெரிய ஆதாரம்.

(புதைபடிவத்தைப் பக்கத்து ஏற்காட்டில் தேட வேண்டாம், சேர்வராயன் மலை பூமிக்கடியில் வெந்து இறுகிய சார்னோகைட் பாறை, அதில் எச்சம் தங்காது.)

டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசார் பறந்தது சரி, ஆனால் அது டைனோசரும் அல்ல, பறவையின் முன்னோரும் அல்ல.