ஒரு நாள் வராததற்காகப் பல் வைத்தியர் கைகழுவலாமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அக்கா, என் அம்மாவுக்கு 68 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கனால் (பல்லின் வேர்க்குழாயைச் சுத்தம் பண்ணி அடைக்கும் சிகிச்சை) தொடங்கி, உள்ளே மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்துவிட்டு இரண்டாவது தடவை வரச் சொல்லியிருந்தார்கள். நான்தான் கூட்டிப்போக வேண்டும். அன்றைக்கென்று பார்த்து வேலையிடத்தில் ஷிப்டை மாற்றிவிட்டார்கள், போன் பண்ணிச் சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது. அம்மாவுக்கு ஆங்கிலத்தில் கதைக்கத் தயக்கம், தனியாகப் போகமாட்டார். அடுத்த நாள் ஒரு எஸ்எம்எஸ் வருகிறது: "நீங்கள் வராத காரணத்தால் எங்கள் நோயாளர் பட்டியலிலிருந்து உங்களை நீக்கிவிட்டோம்." போன் எடுத்துக் கேட்டால் ரிசெப்ஷனில், "இது எங்கள் விதி, ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். பல வருஷமாகக் குடும்பமே அங்கேதான் போகிறோம். இப்படிச் செய்ய அவர்களுக்கு உரிமை இருக்கிறதா? கட்டிய காசு என்னாகும்?
– ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்

பதில்: உரிமையைப் பற்றி அப்புறம் பேசலாம் தங்கச்சி, முதலில் அந்தப் பல்லைப் பார்ப்போம். தற்காலிக அடைப்பு என்பது சில வாரங்கள் தாக்குப்பிடிப்பதற்காக வைப்பது, மாசக்கணக்கில் விட்டுவைப்பதற்கில்லை. ஓரம் தேய்ந்து எச்சில் உள்ளே போனால் சுத்தம் பண்ணிய வேர்க்குழாயில் மறுபடி கிருமி ஏறும், பாதி வேலை பார்த்த பல் கடிக்கும்போது பிளந்துபோகவும் கூடும், அப்புறம் பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. ஆகவே அம்மாவை அந்தப் பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள். வலி தொடங்கினாலோ அடைப்பு விழுந்தாலோ என்எச்எஸ் (அரசு சுகாதாரச் சேவை) உதவி எண் 111-க்கு அடித்து அவசரப் பல் சிகிச்சை கேளுங்கள். முகம் வீங்கி கண் பக்கமோ கழுத்துப் பக்கமோ பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமென்றால், யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே ஏ அண்ட் இ-க்கு, அதாவது ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, இப்போது உங்கள் கேள்வி. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்: ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) பதிந்திருப்பது போல இங்கிலாந்தில் என்எச்எஸ் பல் வைத்தியரிடம் யாரும் பதிந்திருப்பதில்லை. 2006 ஏப்ரலில் வந்த புதிய ஒப்பந்தத்தோடு அந்தப் பதிவுமுறை போய்விட்டது. ஒரு சிகிச்சை தொடங்கி முடியும்வரை நீங்கள் அவர்களுடைய பொறுப்பு, அது முடிந்த பிறகு அடுத்த தடவையும் உங்களைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்குக் கிடையாது. "பட்டியல்" என்று அவர்கள் சொல்வது கிளினிக்கின் வசதிக்காகத் தாங்களே வைத்திருக்கும் கணக்கு. பல வருஷமாகப் போய்வந்ததால் அது உரிமையாகிவிட்டது என்று நம் ஆட்களில் நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அந்த நம்பிக்கையைக் கலைக்க எனக்கே மனசில்லை, ஆனால் நிலைமை இதுதான்.

வராத நோயாளி மேல் இவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதற்கும் அதே ஒப்பந்தத்தில்தான் காரணம் இருக்கிறது. என்எச்எஸ் வேலைக்கு இவர்களுக்குக் காசு வருவது யுடிஏ என்ற அலகுக் கணக்கில். ஒரு சாதாரணப் பரிசோதனைக்கு ஒரு அலகு, கிரவுன் போன்ற பெரிய வேலைக்குப் பன்னிரண்டு. வருஷத்துக்கு இத்தனை அலகு என்று ஒப்புக்கொண்டதில் 96 சதவீதத்தையாவது எட்டாவிட்டால் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்காலி காலியாகக் கிடந்த அரை மணி நேரத்துக்கு அலகும் இல்லை, காசும் இல்லை. முன்பு வராதவர்களிடம் ஒரு கட்டணம் வாங்க முடிந்தது, 2006-க்குப் பிறகு என்எச்எஸ் நோயாளியிடம் அதையும் வாங்க முடியாது. அதனால் கையில் மிஞ்சிய ஒரே ஆயுதமாக இந்த நீக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வராமலிருந்தால் சிகிச்சையை நிறுத்தலாம், மேற்கொண்டு பார்க்க மறுக்கலாம், அது நடைமுறையில் இருக்கிற விஷயம்தான்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. பல் வைத்தியர்கள் எல்லோரும் ஜெனரல் டென்டல் கவுன்சிலில் பதிந்தவர்கள், அந்தக் கவுன்சில் 2013-இல் கொண்டுவந்த நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தும். ஒரு நோயாளியோடு உள்ள தொடர்பை முடித்துக்கொள்வதற்கு முன் அந்த முடிவு நியாயமானதா என்று வைத்தியர் யோசித்திருக்க வேண்டும், யாராவது கேட்டால் அதற்குக் காரணம் காட்டவும் முடிய வேண்டும். முடிவையும் காரணத்தையும் நோயாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தொடர்ந்து சிகிச்சை கிடைப்பதற்குத் தாமதமில்லாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். இதையெல்லாம் வைத்துக்கொண்டு உங்களுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். வேர்க்குழாய்ச் சிகிச்சை பாதியில் நிற்கிற ஒரு முதிய பெண், ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, மீதி வேலையை யார் முடிப்பார்கள் என்று சொல்லவில்லை. பரிசோதனைக்கு வராத ஒருவரை நீக்குவது வேறு, பாதியில் நிற்கிற சிகிச்சையை இப்படி வெட்டிவிடுவது வேறு. இது எனக்குச் சரியாகப் படவில்லை, அதை அவர்களிடம் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது.

எப்படிக் கேட்பது? ரிசெப்ஷனில் இருக்கும் பிள்ளையோடு வாக்குவாதம் பண்ணிப் பிரயோசனம் இல்லை, அவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. பிராக்டிஸ் மேனேஜர் பெயருக்கு, சிகிச்சை செய்த வைத்தியருக்கும் ஒரு பிரதி போகிற மாதிரி, மின்னஞ்சல் எழுதுங்கள். என்ன தேதி, என்ன காரணத்தால் வர முடியவில்லை, சொல்ல முடியாமல் போனதற்கு வருந்துகிறோம் என்று இரண்டு வரி. அப்புறம் முக்கியமான விஷயம்: "எங்களை மறுபடி பட்டியலில் சேருங்கள்" என்று கேட்காதீர்கள், "தொடங்கிய இந்தச் சிகிச்சையை முடித்துக் கொடுங்கள்" என்று கேளுங்கள். முதலாவதற்கு இல்லை என்று சொல்வது அவர்களுக்கு லேசு, இரண்டாவதற்கு இல்லை என்று எழுத்தில் தர எந்த வைத்தியரும் யோசிப்பார். முடியாது என்றால் காரணத்தை எழுதித் தாருங்கள், மீதியை எங்கே முடிப்பது என்று சொல்லுங்கள், எக்ஸ்ரேயையும் குறிப்புகளையும் அனுப்புங்கள் என்று அதிலேயே கேட்டுவிடுங்கள். அம்மாவின் பதிவுகள் கேட்டால் ஒரு மாதத்துக்குள் இலவசமாகக் கொடுக்க வேண்டும், அது சட்டம். நீங்கள் அம்மா சார்பில் எழுதுவதால் "என் மகள் எனக்காகப் பேசலாம்" என்று அம்மா கையெழுத்திட்ட ஒரு துண்டையும் சேர்த்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் ரகசியக் காப்பு என்று சொல்லி அதிலேயே ஒரு வாரம் போய்விடும்.

இன்னொன்றையும் எழுதுங்கள். என்எச்எஸ் சிகிச்சைக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், அதற்கு நோயாளி காசு கட்டத் தேவையில்லை. அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்கிறோம் என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தால், நீங்கள் வராவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரரோ பேரப்பிள்ளையோ கூட்டிப்போயிருக்கலாம். மகள் வந்தால்தான் அம்மாவுக்கு வைத்தியம் என்ற நிலை நம் வீடுகளில் எத்தனையோ! அந்தப் பாரத்தை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.

பதில் திருப்தியாக இல்லையென்றால் முறைப்பாடு செய்யலாம். கிளினிக்கிடமே செய்யலாம், அல்லது உங்கள் பகுதியின் என்எச்எஸ் சேவைகளை நிர்வகிக்கும் ஐசிபி (ICB) என்ற வாரியத்துக்கு அனுப்பலாம். ஈஸ்ட்ஹாமுக்கு அது வடகிழக்கு லண்டன் ஐசிபி, 2023 ஏப்ரலிலிருந்து பல் சிகிச்சை ஒப்பந்தங்களை இவர்கள்தான் கவனிக்கிறார்கள். இரண்டில் ஒரு இடத்துக்கு மட்டும் அனுப்புங்கள், சம்பவம் நடந்து 12 மாதங்களுக்குள் அனுப்புங்கள். அதற்கும் மேலே பாராளுமன்ற, சுகாதாரச் சேவை ஒம்புட்ஸ்மன் (முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரி) இருக்கிறார். ஆனால் இதெல்லாம் மெதுவாக நகரும், பல் அதுவரை காத்திருக்காது, ஆகவே முறைப்பாடு ஒரு பக்கம் ஓடட்டும், வைத்தியத்துக்கு இன்றைக்கே மறுபக்கம் ஓடுங்கள்.

காசு விஷயம். ரூட் கனால் இரண்டாம் பாண்டில், அதாவது என்எச்எஸ்ஸின் இரண்டாம் கட்டணப் பிரிவில் வரும். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி அது 75.30 பவுண்டாக இருந்தது, எத்தனை தடவை போனாலும் அந்தச் சிகிச்சை முழுவதற்கும் ஒரே கட்டணம்தான். வேறு கிளினிக்குக்குப் போனால் அது புதுச் சிகிச்சை, மறுபடி கட்ட வேண்டிவரும். பழைய இடத்திலேயே முடித்துத் தரக் கேளுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அறுபது தாண்டினால் பல் வைத்தியமும் இலவசம் என்று நம்மவர்களிடம் ஒரு தப்பான எண்ணம் உலாவுகிறது. மருந்துச் சீட்டும் கண் பரிசோதனையும்தான் இலவசம், பல் அல்ல. தெரியாமல் "இலவசம்" என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டால் கட்டணத்தோடு 100 பவுண்ட் வரை தண்டம் வரும். கட்டணத்திலிருந்து விலக்குப் பெற, அம்மாவுக்குப் பென்ஷன் கிரெடிட்டில் (குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான அரசு உதவித்தொகை) கேரன்டி பகுதி கிடைக்கிறதா, இல்லையென்றால் குறைந்த வருமானத்துக்கான எச்சி2 சான்றிதழுக்குத் தகுதி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

புது இடம் தேடுவது லேசில்லை என்று எனக்குத் தெரியும். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் செயின்ட் பால்ஸ் பகுதியில் ஒரே ஒரு கிளினிக் என்எச்எஸ் நோயாளிகளைச் சேர்க்கிறது என்றதும் நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் வரிசையில் நின்றார்கள், போலீஸ் வந்து ஒழுங்குபடுத்த வேண்டியதாயிற்று. இப்படி ஒரு நாட்டில் ஒரு எஸ்எம்எஸ்ஸால் ஒருவரை வெளியே அனுப்புவது எவ்வளவு பெரிய காரியம் என்பது அனுப்புகிறவர்களுக்குத் தெரியாமலிருக்காது. ஒரு ஆறுதல், ஜீபி போல உங்கள் வீட்டு எல்லைக்குள்தான் தேட வேண்டும் என்று இல்லை, பார்க்கிங்கும் பஸ்ஸும் ஒத்துவந்தால் பக்கத்து ஊர்க் கிளினிக்குக்கும் போகலாம்.

கேள்வி: இரண்டு வருஷமாக வரவில்லை என்று சொல்லி என் பிள்ளைகள் இரண்டு பேரையும் நீக்கிவிட்டார்கள். கோவிட் காலத்தில் அவர்கள்தான் வர வேண்டாம் என்றார்கள், அதற்குப் பிறகு நாங்களும் விட்டுவிட்டோம். – ஒரு தந்தை, ஹாரோ

பதில்: இதற்கு முறைப்பாடு செய்து நேரத்தை வீணாக்காதீர்கள் தம்பி, நடக்கும் சிகிச்சை எதுவும் இல்லாததால் அவர்களைக் கேள்வி கேட்பது கஷ்டம். பெரியவர்களுக்கு வாய் ஆரோக்கியத்தைப் பொறுத்து 24 மாதம் வரை இடைவெளி விடலாம் என்பது சிகிச்சை முறைகளுக்கு வழிகாட்டும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டல், 18 வயதுக்குக் கீழே அதிகபட்சம் 12 மாதம். பிள்ளைகளுக்கு என்எச்எஸ் சிகிச்சை முழுக்க இலவசம், பெரியவர்களைச் சேர்க்காத சில கிளினிக்குகள் பிள்ளைகளை மட்டும் சேர்ப்பதும் உண்டு, போன் பண்ணும்போது "இரண்டு பிள்ளைகளுக்கு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். உங்கள் மைத்துனர் கிளாஸ்கோவில் இருப்பதாகவும் அங்கே இப்படி இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள், அவர் சொல்வது சரி. ஸ்காட்லாந்தில் பதிவு உண்மையாகவே உண்டு, 2010-இலிருந்து அது வாழ்நாள் பதிவு.

கேள்வி: வராததற்கு 30 பவுண்ட் கட்டினால்தான் அடுத்த அப்பாயின்மென்ட் தருவோம் என்கிறார்களே, சரியா? – ஒரு வாசகர், டூட்டிங்

பதில்: அது என்எச்எஸ் அப்பாயின்மென்ட் என்றால் கேட்கக் கூடாது, கட்டாதீர்கள், எந்த விதியின் கீழ் கேட்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் அப்பாயின்மென்ட் என்றால் நீங்கள் முன்பு கையெழுத்திட்ட நிபந்தனையில் இருந்தால் கேட்கலாம். நிறையக் கிளினிக்குகளில் இரண்டும் கலந்திருக்கும், வைத்தியரிடம் என்எச்எஸ், பல் சுத்தம் பண்ண ஹைஜினிஸ்ட்டிடம் தனியார் என்று பிரித்து வைத்திருப்பார்கள். நீங்கள் தவறவிட்டது எது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் சிகிச்சையில் தகராறு தீராவிட்டால் டென்டல் கம்ப்ளெய்ன்ட்ஸ் சர்வீஸுக்குப் போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை.