ஒளிப்படக் கேள்வி பதில்: தெருப் புகையும் கருவேலம் பிசினும்

பழைய ‘பிக்டோரியலிச’ ஒளிப்படம் என்றாலே பனி மூடிய குளமும் வெள்ளுடைப் பெண்களும்தான் என்று நினைத்திருந்தேன். தெருவும் ஆலையும் அதில் உண்டா?
கல்லூரி மாணவி, திருநகர்

நிறையவே உண்டு. பிக்டோரியலிசம் என்பது ஒளிப்படத்தை ஓவியம்போல மென்மையாக, கலையாக ஆக்க முயன்ற இயக்கம். 1893 பிப்ரவரியில், நியூயார்க் ஐந்தாம் அவென்யூவில் பனிப்புயல் அடிக்கும்போது, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் கைக்கேமராவோடு மூன்று மணி நேரம் நின்று ஒரு குதிரை வண்டியைப் படமாக்கினார். டிராம் வண்டிக் குதிரைகளின் உடம்பிலிருந்து ஆவி எழும் படத்தை எடுத்ததும் அதே ஆண்டில்தான். 1902இல் அவர் எடுத்த ‘மனிதனின் கை’ ஒரு ரயில் யார்டு: புகை கக்கி வரும் எஞ்சின், மின்னும் தண்டவாளங்கள். ஆல்வின் லாங்டன் கோபர்ன் 1910இல் பிட்ஸ்பர்க்கின் ஆலைப் புகையைப் படமாக்கினார். இவற்றில் மென்மை பெரும்பாலும் காற்றில் இருக்கிறது. வேண்டாத நுணுக்கங்களைப் பனியும் ஆவியும் புகையும் மறைத்துவிட, கண்ணுக்கு வேண்டிய இரண்டு கோடுகள் மட்டும் மிஞ்சுகின்றன.

மதுரையில் பனிப்புயல் ஏது? ஃபோகஸைக் கொஞ்சம் தப்பவிட்டால் அந்தத் தோற்றம் வருமா?
வாசகர், செல்லூர்

வராது. ஃபோகஸ் தப்பினால் எல்லாக் கோடும் ஒன்றுபோலக் கரையும். அக்காலத்தில் மென்மையான படத்துக்கென்றே செய்த லென்ஸ் தெளிவான பிம்பத்தின் மேல் ஒரு மங்கல் பிம்பத்தையும் சேர்த்துப் போடும். அதனால் விளிம்பு நிற்கும், வெளிச்சம் மட்டும் கசியும். இதற்குப் பூதக்கண்ணாடி போன்ற ஒற்றை லென்ஸே போதும். 10 டயாப்டர் (லென்ஸின் திறனைக் குறிக்கும் அளவு) லென்ஸின் குவியத் தூரம் 100 மி.மீ. அதைக் கறுப்புக் குழாயில் பொருத்தி, முன்னும் பின்னும் நகர்த்தி ஃபோகஸ் செய்யுங்கள். முன்னால் 12 மி.மீ. துளையிட்ட கறுப்பு அட்டையை வைத்தால் ஏறக்குறைய எஃப் 8 ஆகும். துளை பெரிதானால் கசிவு கூடும், 20 மி.மீ.க்கு மேல் போனால் தெருவே பால் கொட்டியதுபோல் ஆகிவிடும்.

இடமும் நேரமும் லென்ஸைவிட முக்கியம். விடியலில் தெருவின் நீளத்துக்கு எதிர்வெளிச்சம் வேண்டுமானால் கீழமாசி வீதிக்குப் போகாதீர்கள். அது வடக்கு தெற்காக ஓடுகிறது, வெயில் குறுக்கே விழும். வடக்கு மாசி வீதியிலோ தெற்கு மாசி வீதியிலோ கிழக்கு நோக்கி நில்லுங்கள். வீதி பெருக்கும்போது எழும் தூசி, இட்லிக் கொப்பரை திறக்கும் ஆவி, டீக்கடை அடுப்புப் புகை ஆகிய மூன்றும் நமக்குப் பனியின் வேலையைச் செய்யும். மார்கழியில் வைகைக் கரையோரம் உண்மையான மூட்டமே கிடைக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அக்காலத் தட்டுகள் நீல ஒளிக்கு அதிகமாகவும் சிவப்புக்கு மிகக் குறைவாகவும் மசிந்தவை. தூரத்து மூட்டத்தில் நீலமே மிகுதி என்பதால் பின்புறக் கட்டடங்கள் அடுக்கடுக்காக வெளிறித் தெரிந்தன. டிஜிட்டல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது நீலச் சேனலை (படத்தின் நீல ஒளிப் பதிவை) மட்டும் எடுத்துப் பாருங்கள், அதே அடுக்குகள் வரும். கோயில் மதிலின் காவிப் பட்டை கிட்டத்தட்டக் கறுப்பாகிவிடும்; அதை முன்பே கணக்கில் வையுங்கள். நீலச் சேனலில் புள்ளி இரைச்சலும் அதிகம், ஐ.எஸ்.ஓ.வை 400க்குள் வையுங்கள்.

கம் பைகுரோமேட் அச்சுக்கு ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினைக் கரைத்துப் பார்த்தேன், கரையவில்லை. இன்னொரு பிசினில் செய்தபோது படம் செதில் செதிலாக உரிந்து ஓடியது. எங்கே தவறு?
வாசகர், திருப்பரங்குன்றம்

கம் பைகுரோமேட் அச்சில் பிசினும் நிறமும் டைகுரோமேட் என்ற வேதிப்பொருளும் கலந்து தாளில் பூசுகிறோம்; வெளிச்சம் பட்ட இடம் இறுகி நிற்கும், மற்றது கழுவினால் போய்விடும். பாதாம் பிசின் ஊறி உப்புமே தவிரக் கரையாது. ஜிகர்தண்டாவில் அது வழவழவென்று நிற்பதும் அதனால்தான். நாட்டு மருந்துக் கடையில் கருவேலம் பிசின் கேளுங்கள். நிறம் வெளிறிய கட்டிகளாகப் பொறுக்கி, 100 கிராமை மெல்லிய துணியில் முடிந்து, 200 மி.லி. தண்ணீரில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். நம் வெக்கையில் புளித்துவிடும், குளிர்பெட்டியில் வையுங்கள்.

இந்தப் பிசினில் 10 மி.லி.க்கு அரை கிராம் கறுப்பு வாட்டர்கலர் குழையுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் டைகுரோமேட் கரைத்த கரைசலைச் சம அளவு சேருங்கள். ஏ4 தாளுக்கு 4 மி.லி. போதும். மங்கிய விளக்கொளியில் மெல்லப் பூசி, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, அன்றைக்கே வெளிச்சம் காட்டுங்கள். வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் பூச்சு இருட்டிலேயே இறுகத் தொடங்கும். மறுநாளைக்கு வைத்தால் படம் முழுதும் கறை.

உங்கள் படம் உரிந்ததற்குக் காரணம் பெரும்பாலும் பூச்சின் தடிப்பு. வெளிச்சம் மேலிருந்து இறுக்கிக்கொண்டு வருகிறது. தடித்த பூச்சின் அடி இளகியே இருக்கும், தண்ணீரில் மேல்தோல் மிதந்து போய்விடும். மெல்லிய பூச்சாக மூன்று முறை அச்சிடுங்கள்: ஒன்று நீண்ட வெளிச்சத்தில் வெளிர்ப் பகுதிக்கு, ஒன்று நடுத்தரத்துக்கு, நிறம் கூட்டிய ஒன்று குறைந்த வெளிச்சத்தில் கருமைக்கு. 1904இல் எட்வர்ட் ஸ்டைக்கன் நியூயார்க்கின் ‘ஃபிளாட்அயர்ன்’ கட்டடப் படத்துக்கு மாலை நிறம் ஏற்றியதும் பிளாட்டினம் அச்சின் மேல் பிசின் அடுக்கு போட்டுத்தான். நெகட்டிவைத் தாளின் மேல் ஒட்டி வைத்தே வெளிச்சம் காட்டுவதால், அது அச்சிடும் படத்தின் அளவிலேயே இருக்க வேண்டும். வெயிலில் 1, 2, 3, 4 நிமிடம் என்று துண்டுச் சோதனை செய்யுங்கள்.

கழுவும் தண்ணீரும் சதி செய்யும். சித்திரை மாத நண்பகலில் மாடித் தொட்டித் தண்ணீர் சுடும், இறுகிய பிசினையும் இளக்கிவிடும். பானைத் தண்ணீரில் தாளைக் கவிழ்த்து அரை மணி மிதக்கவிடுங்கள், தேய்க்க வேண்டாம்.

வெள்ளைப் பகுதி அழுக்காகிறதா? வெளிச்சமே காட்டாத ஒரு துண்டைப் பூசிக் காய்ந்ததும் கழுவுங்கள். அதிலும் நிறம் ஒட்டினால் தாளின் பசைப்பூச்சு போதவில்லை. தாளை முதலில் வெந்நீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டு, 3 சதவீத ஜெலட்டினை இளஞ்சூட்டில் இரண்டு தடவை ஏற்றுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஜெலட்டினை இறுக்கும் 40 சதவீதக் கிளையாக்ஸால் கரைசல் 25 மி.லி. கலந்து ஐந்து நிமிடம் முக்கி அலசுங்கள். இதைத் திறந்த வெளியில் செய்யுங்கள்.

டைகுரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய நஞ்சு. கையுறை கட்டாயம், தூளை நிறுக்கும்போது முகமூடியும். சமையல் பாத்திரத்தைத் தொடவே கூடாது. மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினால் அது வைகைக்குத்தான் போகும். மூடிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, வேதியியல் கூடம் உள்ள கல்லூரியில் கேட்டு ஒப்படையுங்கள்.

லின்னியஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்கள் இந்த வகையா?
வாசகர், அண்ணா நகர்

இல்லை. டிரைப் 1858இல் அரசு ஒளிப்படக்காரராக இங்கே வந்து, கோயிலையும் நாயக்கர் மகாலையும் காகித நெகட்டிவில் பதிவு செய்தார். அந்த மென்மையில் ஒரு பங்கு காகித நாரிலிருந்து வருவது. பிக்டோரியலிசம் ஓர் இயக்கமாகத் திரண்டது அதற்கு முப்பது ஆண்டுகள் கழித்துத்தான்.