ஓட்டிசம்: ஸ்கூலிலும் ஸ்கூலுக்குப் பிறகும் – கேள்வி பதில்

இலங்கை மலையகத்தின் பல ஊர்களிலிருந்து பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு விசேட கல்வி ஆசிரியை ஒருவர் தரும் பதில்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தாய்: டீச்சர், மகனுக்கு மூணு வயசு. பேச்சு இல்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டான். பெரிய டாக்டரப் பார்க்க ரெண்டு மாசம் ஆகும்னு கிளினிக்ல சொல்லிட்டாங்க. நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போறப்போ தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுல (பிள்ளை காப்பகத்துல) விடுறேன். அதுவரைக்கும் சும்மா இருக்கலாமா?

சும்மா இருக்க வேண்டாம் தங்கச்சி. முதலில் காது. ஓட்டிசமோ என்று சந்தேகம் வந்த எந்தப் பிள்ளைக்கும் கேட்டல் பரிசோதனை செய்தே ஆகவேண்டும். குடும்ப நல உத்தியோகத்தரிடம் (மருத்துவிச்சியிடம்) கேட்டு அதற்கான கடிதத்தை இப்போதே வாங்குங்கள். டாக்டரிடம் போகும்போது பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டோடு, ஃபோனில் மூன்று சிறு வீடியோவும் கொண்டு போங்கள்: சாப்பிடுவது, தனியாக விளையாடுவது, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் போதும். புது இடத்தில் அழுது புரளும் பிள்ளையிடம் டாக்டர் பார்க்க முடியாததை அது காட்டிவிடும்.

வீட்டில் இதைச் செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டை மூடி இறுக்கிய கண்ணாடிப் போத்தலில் போட்டு, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். அவன் உங்கள் கையை இழுத்தால் முகத்துக்கு நேரே குனிந்து பத்து விநாடி பொறுங்கள். ஒரு பார்வையோ சத்தமோ கை நீட்டலோ எது வந்தாலும் “தா” என்ற ஒரே சொல்லைச் சொல்லி உடனே கொடுங்கள். சிறு துண்டுகளாக உடைத்தால் ஒரு பிஸ்கட்டுக்கே ஆறேழு தடவை கேட்பான். பேசினால்தான் தருவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கேட்பதையே விட்டுவிடுவான். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பிள்ளைக் காம்பராவில் இருப்பவருக்கும் செய்து காட்டுங்கள். கிளினிக்கில் சிங்களம் பேசுகிறார்கள் என்பதற்காக வீட்டுப் பேச்சை மாற்றாதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து ஆரம்பப் பிரிவு ஆசிரியர்: வகுப்பில் 32 பிள்ளைகள். ஓட்டிசம் உள்ள ஒரு பிள்ளை அடிக்கடி எழுந்து வெளியே ஓடுகிறது, மணியடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறது. நேரசூசியைப் படங்களாக ஒட்டினேன், திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

படங்கள் அதிகமாகிவிட்டன என்று நினைக்கிறேன் சேர். முழு நாளையும் ஒரே வரிசையில் ஒட்டினால் எது ‘இப்போது’ என்று பிள்ளைக்குத் தெரியாது. இரண்டே கட்டம் உள்ள சிறு அட்டையை மேசையிலேயே வையுங்கள்: இடப்பக்கம் ‘முதலில்’, வலப்பக்கம் ‘பிறகு’. முதலில் இரண்டு நிமிஷ வேலை, பிறகு பிடித்த ஒன்று. ‘பிறகு’ என்று காட்டியதை ஒருநாளாவது கொடுக்காமல் விட்டால் அந்த அட்டையில் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும். கோட்டுச் சித்திரம் புரியாவிட்டால் உங்கள் வகுப்பின் கொப்பி, தண்ணீர்ப் போத்தல், வாசல் ஆகியவற்றையே ஃபோனில் எடுத்து அச்சிடுங்கள். அதுவும் புரியாவிட்டால் பொருளையே கையில் கொடுங்கள்: சாப்பாட்டு நேரத்துக்குக் கரண்டி, விளையாட்டுக்குப் பந்து.

படம் 6 சென்ரிமீற்றர் சதுரம் இருந்தால் போதும். முதலில் படத்தை வெட்டி, பிறகு லெமினேட் பண்ணி, சுற்றிலும் 5 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் ஓரம் விட்டு வெட்டுங்கள். படத்தை ஒட்டினாற்போல் வெட்டினால் நம் பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் ஓரம் பிரிந்து ஒரு தவணைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். வேலை முடிந்ததும் பிள்ளையே படத்தைக் கழற்றி ‘முடிந்தது’ பெட்டியில் போடவேண்டும்.

ஓடுவதற்குக் காரணம் தேட ஐந்து நாள் மூன்று நிரல் எழுதுங்கள்: ஓடுவதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தது, அதன்பின் என்ன கிடைத்தது. எழுத்து வேலை வரும்போதெல்லாம் ஓடினால் அது வேலையிலிருந்து தப்பும் வழி. ‘ஓய்வு’ அட்டை ஒன்று கொடுத்து, நீட்டினால் இரண்டு நிமிஷம் வெளியே நிற்க விடுங்கள். முதல் இரண்டு வாரம் எத்தனை தடவை நீட்டினாலும் சம்மதியுங்கள், பிறகு ஒரு பாடத்துக்கு மூன்று என்று குறையுங்கள். கத்திய பிறகு மட்டும் ஓய்வு கொடுத்தால் கத்தத்தான் கற்றுக்கொள்ளும்.

மணிக்கு ஒரு நிமிஷம் முன்பே மணிப் படத்தைக் காட்டுங்கள், இருக்கையை மணியிலிருந்து தள்ளிப் போடுங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது காது மூடி உதவும். ஆனால் நாள் முழுக்க மாட்டிவைத்தால் சாதாரணச் சத்தமும் தாங்கமுடியாமல் போகலாம்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தந்தை: மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க அதிபர் மறுக்கிறார். வேறு ஸ்கூலில் உள்ள விசேட கல்வி அலகுக்கு (இயலாமை உள்ள பிள்ளைகளுக்கான தனி வகுப்புக்கு) போகச் சொல்கிறார். கிட்ட உள்ள அலகு சிங்கள மொழிமூலம்.

வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள் ஐயா. விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். 5 முதல் 16 வயதுவரை கல்வி கட்டாயம். இயலாமை உள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் சேர்க்க மறுப்பதைப் பாரபட்சமாகவே கொள்கிறது. அந்த இரண்டையும் குறிப்பிட்டு வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பானவரிடம் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அங்கும் நடக்காவிட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பதுளையில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

அதிபரின் பயம் பெரும்பாலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லையே என்ற பயம்தான். முதல் மாதம் தினமும் இரண்டு மணித்தியாலம், மலசலகூடத்துக்கு வீட்டார் ஒருவர் வந்து உதவுவது, எந்த அறிகுறியைக் கண்டால் வெளியே கூட்டிப்போகவேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டு போனால் பேச்சு மாறும்.

நானுஓயாவிலிருந்து: கோதுமை மாவும் பாலும் நிறுத்தினா குணமாகும்னு சொல்றாங்க, உண்மையா?

இல்லை. அதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது. ரொட்டியை மட்டுமே தொடும் பிள்ளைக்கு ரொட்டியை நிறுத்தினால் எடைதான் குறையும். மண், சுவர்ச் சுண்ணாம்பு தின்கிற பிள்ளையாக இருந்தால் இரும்புச்சத்துக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

பசறையிலிருந்து ஓர் அம்மாச்சி: மக வெளிநாட்டுல. பேரனுக்கு எட்டு வயசு, கதவு தொறந்தா ஓடைக்கு ஓடிடுறான். கட்டிப்போடச் சொல்றாங்க.

கட்டவே கூடாது அம்மா. இப்படி ஓடும் பிள்ளைகளுக்குப் பெரிய ஆபத்து தண்ணீர்தான். காணவில்லை என்றால் லயத்துக்குள் (வரிசை வீடுகளுக்குள்) தேடி நேரத்தைப் போக்காமல், முதல் ஆளை ஓடைக்கும் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் அனுப்புங்கள். கதவின் உட்பக்கம், அவன் கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டி போடுங்கள். பூட்டும் சாவியும் வேண்டாம்; லயத்தில் தீப்பிடித்தால் எல்லோரும் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். கதவில் ஒரு மணியும் கட்டுங்கள். ஃபோன் நம்பரைச் சட்டையின் உட்பக்கம் தைத்துவிடுங்கள். தண்ணீர் மேல்தான் ஆசை என்றால் தினமும் அதே நேரத்தில் அரை மணித்தியாலம் பேசினில் (அகன்ற பாத்திரத்தில்) தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் இருந்து விளையாட விடுங்கள். அந்த ஆசை அங்கே தீர்ந்தால் ஓட்டம் குறையும்.

ஹட்டனிலிருந்து ஒரு அக்கா: தம்பிக்கு 19. விசேட அலகில் படித்து முடித்துவிட்டான். இப்போது நாள் முழுக்க ஃபோன், போன மாதத்திலிருந்து திடீர் கோபம். பெரியவர்களுக்கு என்ன இருக்கிறது டீச்சர்?

கோபம் திடீரென்று வந்ததென்றால் முதலில் உடம்பைப் பாருங்கள்: பல்வலி, காது, மலச்சிக்கல், வலிப்பு. சொல்லத் தெரியாத வலி அடியாக வெளிவரும்.

பெரியவர்களுக்கான ஏற்பாடுகள் நம் பக்கம் குறைவு என்பது வேதனையான உண்மை. பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிவு செய்து, உதவித்தொகையையும் சமூக சேவைகள் திணைக்களத்தின் தொழிற்பயிற்சி நிலையங்களையும் பற்றிக் கேளுங்கள். சேர்ப்பதற்கு முன் எந்த மொழியில் கற்பிக்கிறார்கள், இரவில் விடுதியில் யார் இருப்பார்கள் என்று கட்டாயம் கேட்க வேண்டும். அரச வேலைகளில் 3 சதவீதம் இயலாமை உள்ளவர்களுக்கு என்ற சுற்றறிக்கை 1988லேயே வந்தது. அடையாள அட்டை இல்லாவிட்டால் இதெல்லாம் நகராது. 15 வயதிலேயே எடுத்திருக்க வேண்டியது, இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

வேலைப் பழக்கத்தை வீட்டிலிருந்தே தொடங்கலாம். தேயிலை நர்சரியில் பை நிரப்புவது நல்ல வேலை: பையை விரி, கோடு வரை மண் போடு, தரையில் தட்டு, மறுபடி நிரப்பு, வரிசையில் வை. கடைசிப் படியை முதலில் அவன் செய்யட்டும், மற்றதை நீங்கள் செய்யுங்கள். அது தானாக வந்ததும் அதற்கு முந்திய படி. எண்ணத் தெரியாவிட்டால் பலகையில் பத்துக் கட்டம் கீறுங்கள். கட்டமெல்லாம் நிரம்பினால் ஒரு சுற்று முடிந்தது. கரட் தரம் பிரிக்க இரண்டு அளவில் வளையம் செய்து கொடுக்கலாம். தொழிற்சாலையின் ரோலர் சத்தம் பலருக்கு ஒத்துவராது. வேலை பழகிய பிறகும் கெடுவது மழை நாளில்தான்: திடீரென்று வேறு வேலை என்பார்கள், அவன் கத்துவான், மறுநாள் வரவேண்டாம் என்பார்கள். ‘மழை’ அட்டையையும் அதற்கான மாற்று வேலையையும் முதல் வாரத்திலேயே பழக்கிவிடுங்கள்.

பஸ்ஸுக்கும் இதே முறை. ஒரே வழி, ஒரே நேரம். முதலில் பக்கத்தில் உட்காருங்கள், பிறகு இரண்டு சீட் பின்னால், பிறகு இறங்கும் ஹோல்டில் காத்திருங்கள். பஸ் வராத நாளில் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பழக்குங்கள்: யாருடனும் நடந்து போகாமல் அதே கடை வாசலில் நின்று, சட்டைப் பையிலுள்ள அட்டையைக் கடைக்காரரிடம் நீட்டவேண்டும். அட்டையில் உங்கள் நம்பர் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய ஒரு வரியோடு இருக்கட்டும், கடைக்காரருக்கும் முன்பே சொல்லிவையுங்கள்.