மெழுகுப்புழு கறுத்து நாறினால்...

கேள்வி: கரும்பு வேர்ப்புழுவைக் கொல்ல, மெழுகுப்புழுவில் (தேனடையைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு) நூற்புழு (பூச்சிப் புழுக்களுக்குள் புகுந்து கொல்லும் நுண்புழு) வளர்க்கிறேன். செத்த மெழுகுப்புழுக்கள் கறுத்து நாறுகின்றன. ஃபிரிட்ஜில் வைத்த நூற்புழுக் கரைசலிலும் உயிர் இல்லை. தவறு எங்கே?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: கறுத்து நாறினால், வேறு பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பொருள். அந்தத் தட்டை அப்படியே அப்புறப்படுத்துங்கள். ஹெட்டரோராப்டைட்டிஸ் இண்டிகா என்ற நூற்புழு இனம் சரியாகத் தொற்றினால் இரண்டு நாளில் மெழுகுப்புழு செத்து, செங்கல் நிறமாகும், அழுகாது, நாறாது. நூற்புழு சுமந்துவரும் போட்டோராப்டஸ் பாக்டீரியா தரும் நிறம் அது. (1992-இல் கோவையில் கிடைத்ததை வைத்தே இந்த இனம் விவரிக்கப்பட்டது, நம்மூர் வெயிலுக்குப் பழகியது.)

பெட்ரி தட்டில் வடிதாள் விரித்து, பத்து மெழுகுப்புழுவுக்கு ஆயிரம் நூற்புழு என்ற கணக்கில் ஒரு மில்லி நீரில் விடுங்கள். நீர் தேங்கினால் மெழுகுப்புழு மூழ்கிச் சாகும். அழுகல் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான். ஐந்தாறு நாள் கழித்து, சிவந்தவற்றை மட்டும் எடுத்து, பெரிய தட்டில் கவிழ்த்த சிறு தட்டின்மேல் ஈர வடிதாளில் அடுக்குங்கள். தாளின் ஓரம் சுற்றியுள்ள நீரைத் தொட வேண்டும். வெளிவரும் இளம் நூற்புழுக்கள் தாமே நீரில் இறங்கும்.

இந்த இனத்துக்கு ஃபிரிட்ஜ் குளிர் ஆகாது. 15 டிகிரி செல்சியஸில், ஈர ஸ்பாஞ்சில் வையுங்கள். ஆழமான பாட்டிலில் அடைத்தால் காற்றின்றிச் சாகும்.

கேள்வி: ஏக்கருக்கு எவ்வளவு?

பதில்: சுமார் 100 கோடி நூற்புழு. மாலையில், ஈர மண்ணில், தெளிப்பானின் நுண்வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஊற்றுங்கள்.