அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் விளம்பரப் பணம் எதை மாற்றியது?

படிக்கும்போதே வீரர்கள் விளம்பரத்தில் சம்பாதிப்பதால் அங்கே என்ன மாறியது என்று கேட்டிருக்கிறீர்கள். 2021 ஜூலைக்கு முன் தன் பெயரையோ முகத்தையோ வைத்து ஒரு மாணவர் காசு வாங்கினால் ஆடவே தடை வரும். பயிற்சியாளருக்கு மட்டும் கோடிக்கணக்கில் சம்பளம், எனக்கு அது அநியாயமாகத்தான் பட்டது. அப்புறம் கதவு திறந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டிகோல்டெஸ்ட் கிராஃபோர்ட் என்று ஒரு பையன், பெயரிலேயே 'மிகக் குளிர்ந்தவன்' என்று அர்த்தம் வரும், 2022இல் உள்ளூர் ஏசி கம்பெனி ஒன்று அவரை விளம்பரத்தில் நடிக்க வைத்தது. நல்ல விஷயம். ஆனால் பணக்கார ரசிகர்கள் நிதி திரட்டி, விளம்பரம் என்ற பெயரில் தங்கள் கல்லூரி அணிக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள்; கூடுதல் பணம் கிடைக்கும் கல்லூரிக்குத் தாவுவதும் சகஜமாகிவிட்டது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாக, ஒவ்வொரு கல்லூரியும் தன் வீரர்கள் எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும்தான் போகிறது, நீச்சல், ஓட்டம் என்று உழைக்கிற பிள்ளைகளை நினைத்தால்தான் கவலை.