காற்றுக்கு யார் கூலி கொடுப்பது?

கேள்வி: சூழலுக்கு உகந்த பேக்கிங்குக்கு மாறும்படி என்னைப் போன்ற சிறு உற்பத்தியாளர்களுக்கு எல்லோரும் அறிவுரை சொல்கிறார்கள். வாங்குபவர்களே கேட்காத ஒன்றுக்கு நான் ஏன் கூடுதல் செலவு செய்ய வேண்டும்?

பதில்: கூடுதல் செலவைப் பிறகு பார்ப்போம். இப்போது செய்துகொண்டிருக்கும் செலவைச் சொல்லுங்கள். உள்ளங்கையில் அடங்கும் பொருள் ஒன்று, ஒரு ஜோடி செருப்பு கொள்ளும் பெட்டியில் வந்து இறங்குகிறது. டேப்பைக் கிழித்தால் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள். அவற்றுக்கு அடியில் இன்னொரு பெட்டி, அதற்குள் குமிழ் உறை, அதற்குள் ஒரு பாலித்தீன் பை, கடைசியில் பொருள். கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீள அகல உயரத்தைப் பெருக்கி, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் ஓர் எடை கணக்கிட்டு, அது, நிஜ எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. ஆக, காற்றுக்கு லாரி வாடகை கொடுக்கிறீர்கள்! அந்தக் காற்றைச் சுமக்கும் அட்டைக்கும், அடுக்கி வைக்கும் கிடங்குக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல் கொண்டுவந்த பேக்கேஜிங் சட்டம், இணையவழி விற்பனைக்கு அனுப்பும் பெட்டிகளில் காலியிடம் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2030-ஐ இலக்காக வைத்திருக்கிறது. காற்றுப் பையும் காகிதச் சுருளும் திணித்திருந்தால் அதுவும் காலியிடம்தான். ஒரு வியாபாரி தானாகவே செய்துகொள்ள வேண்டிய கணக்கை, சட்டம் போட்டுச் செய்யவைக்க வேண்டியிருக்கிறது.

வாங்குபவர்கள் கேட்பதில்லை என்கிறீர்கள். எப்படிக் கேட்பார்கள்? பெட்டி அவர்கள் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. புத்தகக் கடைகளில் நான் பல காலமாகச் சண்டை போடுவது இதற்காகத்தான். புதுப் புத்தகத்தைக் கண்ணாடித்தாளில் இறுக்கிச் சுற்றி வைக்கிறார்கள். முதல் பக்கத்தைப் படிக்காமல் ஒருவன் எப்படிப் புத்தகம் வாங்குவான்? எழுத்தின் வாசனையே தெரியாமல் அட்டைப்படத்தை நம்பிப் பணம் கொடுக்க வேண்டுமா? அந்தத் தாளை எந்த வாசகனும் கேட்டு வாங்கவில்லை. அழுக்குப் படியும் என்பார்கள். நாலு பேர் புரட்டிய அழுக்கு புத்தகத்துக்கு அழகு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு சிறிய பளபளப்பு பாக்கெட்டைக் கையில் எடுங்கள். வெளியே அச்சிட்ட பாலியெஸ்டர் படலம், நடுவே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் பாலித்தீன். தனித்தனியாக இருந்தால் மூன்றையும் மறுசுழற்சி செய்யலாம். பசை போட்டு ஒன்றாக்கிய பிறகு, பிரிக்க ஆகும் செலவு அதன் மதிப்பைவிடப் பல மடங்கு. கறுப்புப் பிளாஸ்டிக் தட்டின் கதை இன்னும் மோசம். அதில் சேர்க்கும் கரிநிறமி, தரம்பிரிக்கும் இயந்திரத்தின் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடும். நல்ல பிளாஸ்டிக்காக இருந்தும், இயந்திரத்தின் கண்ணில் படாமல் அது நேரே குப்பைமேட்டுக்குப் போகிறது. நிறத்தை மாற்றினால் போதும். அந்த முடிவை எடுக்க முடிந்தவர் தட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் உற்பத்தியாளர் மட்டுமே. 2015 வரை உலகம் வீசிய பிளாஸ்டிக்கில் நூற்றுக்கு ஒன்பது பங்குதான் மறுசுழற்சிக்குப் போனது என்று 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதற்கு வாங்கியவரின் அலட்சியத்தை மட்டும் பழிப்பது அநியாயம்.

மாறுகிறேன் என்று கிளம்பி, பச்சை இலை அச்சிட்ட ‘மக்கும்’ உறையை வாங்கிவிடாதீர்கள். இதைப் பற்றி முன்பு எழுதியதற்காக என்மேல் கோபமாக இருக்கும் விளம்பரக்காரர்கள் இன்னமும் கடிதம் போடுகிறார்கள். போடட்டும். தாவர மாவிலிருந்து எடுக்கும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் ஒழுங்காக மக்குவதற்கு 60 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் காக்கும் உர ஆலை வேண்டும். கடலில் விழுந்தால் அது ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். நிபந்தனையைச் சொல்லாமல் ‘மக்கும்’ என்று மட்டும் அச்சிடுவது ஏமாற்று. இன்னும் எழுதுவேன்.

இந்தக் கழிவை அப்புறப்படுத்தும் செலவை இதுவரை யார் கொடுத்தார்கள் என்பதையும் யோசியுங்கள். குப்பை அள்ளும் நகராட்சியும், குப்பைமேட்டின் பக்கத்தில் குடியிருப்பவரும். ஜெர்மனி 1991-இலேயே, பேக்கிங் கழிவைத் திரும்பப் பெறுவது உற்பத்தியாளர், விற்பனையாளர் பொறுப்பு என்று சட்டம் போட்டுவிட்டது. பிறகு பல நாடுகள் அந்த வழிக்கு வந்தன. இன்று தானாக மாறுபவர் நிதானமாகச் சோதித்துப் பார்க்கலாம். கெடு வந்த பிறகு மாறுபவருக்கு சப்ளையர் சொன்னதுதான் விலை.

உங்கள் பொருளில் ஒன்றை உங்கள் வீட்டுக்கே கூரியரில் அனுப்புங்கள். பிரித்ததும் கிடப்பதை இரண்டாகக் குவியுங்கள்: உடையாமல், கெடாமல் காத்தது ஒன்று, சும்மா கூட வந்தது மற்றொன்று. முதல் குவியலில் அவசரப்பட்டுக் கை வைக்காதீர்கள். உள்ளே இருப்பது பாழானால் அதுவும் கழிவுதான். இரண்டாவதன் விலையை பில்லில் தேடிக் கழியுங்கள். அதற்குப் பிறகும் செலவு கூடுகிறது என்றால் பில்லோடு எழுதுங்கள், பேசுவோம்.